மீன் குழம்புக்கு எந்த ஒயின்? பாண்டி வீட்டு சாப்பாட்டோட வச்சுப் பார்த்த பாட்டில்கள்

முதல்லயே முடிவ சொல்லிடுறேன், அவசரத்துல இருக்கறவங்க இத மட்டும் படிச்சுட்டு கடைக்கு கெளம்பலாம். புளி ஊத்தின மீன் குழம்புக்கு சுலா கம்பெனியோட செனின் பிளாங்க், இது வெள்ளை ஒயின். வறுத்த மீன், நெத்திலி, இறாலுக்கு சுலா சாவிஞான் பிளாங்க், இதுவும் வெள்ளைதான். மிளகு தூக்கலா போட்ட ஆட்டுக்கறிக்கு ஷிராஸ்ங்கற சிவப்பு ஒயின். தக்காளி நிறைய போட்ட கோழிக்குழம்புக்கு ஃபிராடெல்லி கம்பெனியோட சாஞ்சோவேஸே, இதுவும் சிவப்பு. பிரியாணிக்கு ரோஸே, அதாவது ரோஸ் கலர் ஒயின். ரசம், தயிர் சாதம், கருவாட்டுக் குழம்பு மூணுக்கும் எதுவும் வேணாம், பானைத் தண்ணி குடிங்க. காரணம் என்னன்னு தெரிஞ்சுக்கணும்னா மேல படிங்க, அது புரிஞ்சுட்டா கடையில நான் சொன்ன பாட்டில் இல்லன்னாலும் நீங்களே பக்கத்துல இருக்கறத பாத்து எடுத்துடலாம்.

எங்க வீடு முத்தியால்பேட்டை. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்தா மதியம் பெரிய சமையல், சொந்தக்காரங்க யாராச்சும் வந்துடுவாங்க. மாமியார் கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) காரங்க, துறைமுகத்துக்கு பக்கத்துலயே பொறந்து வளர்ந்தவங்க, மீன் விஷயத்துல அவங்க சொல்றதுதான் எங்க வீட்டுல கடைசி வார்த்தை. பெரிய மார்க்கெட்ல செவுள தூக்கிப் பாத்து, வயித்த அமுக்கிப் பாத்து, நாலு கூடை தாண்டித்தான் ஒரு வஞ்சிரம் வாங்குவாங்க. வீட்டுக்காரரோட பெரியப்பா பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து ரிட்டயர் ஆனவரு, வருஷத்துல பாதி அங்க பாதி இங்க. பாண்டியில இந்த மாதிரி குடும்பம் தெருவுக்கு ரெண்டு இருக்கும், உங்களுக்கே தெரியும். அவர் வரும்போதெல்லாம் பாட்டில் வரும், ஏர்போர்ட்ல ஒரு ஆளுக்கு 2 லிட்டர் வரைக்கும்தான் வரி இல்லாம விடுவாங்க, 750 மில்லி பாட்டில் ரெண்டு அதுல அடங்கும். ரெண்டு பாட்டில்தான்னு ஆகும்போது அத எந்த சாப்பாட்டோட திறக்கறதுங்கறது பெரிய விஷயமா ஆயிடுது, அதுலேர்ந்துதான் எங்க வீட்டுல இந்த பேச்சே ஆரம்பிச்சுது.

பெரியப்பா பிரெஞ்சுக்காரங்க சொல்ற கணக்குப்படிதான் ஊத்துவாரு, மீனா இருந்தா வெள்ளை, கறியா இருந்தா சிவப்பு. அவங்க ஊருக்கு அது சரி, அவங்க மீன வெண்ணெயில வாட்டி எலுமிச்சை புழிஞ்சு வச்சுடுவாங்க, தட்டுல இருக்கறது மீனோட ருசி மட்டும்தான். நம்ம குழம்புல மீனோட ருசிக்கு முன்னாடி புளி நிக்குது, மிளகாத்தூள் நிக்குது, வெந்தயம், பூண்டு, சின்ன வெங்காயம், கடைசியில கிள்ளிப் போட்ட வடகம்னு ஒரு கூட்டமே நிக்குது. அதனால நான் சொல்றது ஒண்ணுதான். மீனா கறியான்னு பாக்காதீங்க, அந்த குழம்புல புளிப்பு எவ்ளோ காரம் எவ்ளோன்னு பாத்து பாட்டில எடுங்க. இத பெரியப்பாகிட்ட சொன்னப்ப ஒத்துக்கவே இல்ல, அத்தை வச்ச சங்கரா குழம்போட ரெண்டு கிளாஸ் மாத்தி மாத்தி குடிச்சுப் பாத்துட்டுத்தான் "சரிம்மா, நீ சொல்றது சரியாத்தான் இருக்கு"ன்னு சொன்னாரு.

புளி விஷயத்த கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா மத்த எல்லாமே இதுலதான் நிக்குது. புளியில இருக்கற முக்கியமான அமிலம் டார்டாரிக் ஆசிட். திராட்சையிலயும், அதுலேர்ந்து வர்ற ஒயின்லயும் முக்கியமான அமிலம் அதே டார்டாரிக் ஆசிட்தான். அதாவது குழம்பும் ஒயினும் ஒரே புளிப்ப வச்சுக்கிட்டு வருது. நாக்கு ஒரு வாய் புளிக்குழம்புல பழகிடுச்சுன்னா அதவிட புளிப்பு கம்மியா இருக்கற ஒயின் வாய்ல சப்புன்னு விழும், எவ்ளோ விலை குடுத்து வாங்கியிருந்தாலும் தண்ணி கலந்த மாதிரி இருக்கும். ஒயின்ல புளிப்பு குழம்பு அளவுக்காவது இருந்தாதான் ரெண்டும் சேந்து நிக்கும். அப்புறம் காரம். மிளகா எரிச்சலும் ஆல்கஹால் எரிச்சலும் வாய்ல ஒரே எடத்த தொடுது, 14, 15 சதவீதம் இருக்கற ஒயின காரக் குழம்போட குடிச்சா தொண்டை வரைக்கும் தீ புடிக்கும். லேசா இனிப்பு இருந்தா அந்த எரிச்சல் அடங்கும். சிவப்பு ஒயின்ல தோல்லேர்ந்தும் கொட்டையிலேர்ந்தும் வர்ற துவர்ப்பு இருக்கே, டானின்னு சொல்வாங்க, அது எச்சில்ல இருக்கற புரதத்த புடிச்சுக்கும், அதனாலதான் வாய் வறண்ட மாதிரி ஆகுது, அந்த வறட்சியில மிளகா இன்னும் கூர்மையா குத்தும். ஆக நம்ம குழம்புக்கு வேண்டியது புளிப்பு நல்லா, ஆல்கஹால் மிதமா, துவர்ப்பு கம்மியா, இனிப்பு ஒரு துளி.

இந்த நாலும் ஒண்ணா அமைஞ்சது எங்களுக்கு சுலா செனின் பிளாங்க்ல. நாசிக்ல 1999-ல ஆரம்பிச்ச கம்பெனி, 2000-ல மொத மொதல்ல வெளிய வந்த அவங்க ஒயின்கள்ல செனின் பிளாங்க்கும் சாவிஞான் பிளாங்க்கும் இருந்துச்சு. ரெண்டு திராட்சையுமே பிரான்ஸ்ல லுவார் ஆத்தங்கரை ஏரியாவுல பேர் போனது. நம்ம நாட்டு வெயில்ல திராட்சை பழுத்தா புளிப்பு ஓடிடுமேன்னு எனக்கு சந்தேகம் இருந்துச்சு, அங்க எப்படி பண்றாங்கன்னா மழை முடியற சமயத்துல கவாத்து பண்ணி, குளிர் மாசத்துல பழுக்க விட்டு, ஜனவரிலேர்ந்து மார்ச்சுக்குள்ள அறுத்துடுறாங்க. ஐரோப்பாவுல அறுவடை செப்டம்பர் அக்டோபர்ல நடக்கும், இங்க அப்படியே தலைகீழ். ராத்திரி குளுரு இருக்கறதால புளிப்பு தங்குது.

அத்தையோட வஞ்சிரக் குழம்பு எப்படின்னா, மொத நாள் சாயங்காலமே வச்சுடுவாங்க, மண்சட்டியில, நல்லெண்ணெய் மேல மிதக்கும், மாங்கா சீசன்ல நாலு துண்டு மாங்கா விழும், மறுநாள் மதியம் சுட வச்சுப் போடுவாங்க. அந்த புளி, மாங்கா, மிளகா மூணுக்கும் ஈடு குடுத்து இந்த செனின் நின்னுச்சு. ஒரு வாய் சோறு, ஒரு மடக்கு ஒயின், அடுத்த வாய் சோறு எடுக்கும்போது குழம்பு புதுசா தெரியுது, அதுதான் நல்ல ஜோடிக்கு அடையாளம்னு நான் நெனைக்கறேன். வாசனையில அன்னாசி, கொய்யா மாதிரி பழ வாசனை, கடைசியில லேசான இனிப்பு. அத்தை ரெண்டு மடக்குக்கு மேல தொட மாட்டாங்க ஆனா சொன்னது "இது குழம்ப கெடுக்கல". ஓ.டி. காரங்க வாய்லேர்ந்து அது வந்தா 5-க்கு 5 தான்.

அதே குழம்போட பெரியப்பா பிரான்ஸ்லேர்ந்து கொண்டு வந்த போர்தோ ஊர் சிவப்பு ஒயினையும் வச்சுப் பாத்தோம். அந்த ஒயின் தனியா குடிக்கறப்ப அவ்ளோ நல்லா இருந்துச்சு, குழம்போட சேந்ததும் வாய்ல இரும்பு நக்கின மாதிரி ஒரு ருசி, மீன் கவிச்சி எல்லாம் மேல வந்து நின்னுச்சு. இதுக்கும் காரணம் இருக்கு, ஒயின்ல இருக்கற இரும்புச் சத்து மீன் கொழுப்போட சேந்து அந்த கவிச்சிய கிளப்பி விடுதுன்னு ஜப்பான்ல ஆராய்ச்சி பண்ணி 2009-ல எழுதியிருக்காங்க, சிவப்புல பொதுவா இரும்பு கொஞ்சம் கூட இருக்கும். மத்தி, கானாங்கெளுத்தி மாதிரி எண்ணெய் மீனுக்கு இது ரொம்ப மோசம். ஒயின் மேலயும் குத்தம் இல்ல குழம்பு மேலயும் குத்தம் இல்ல, ரெண்டையும் ஒரே இலைக்கு கூப்பிடக் கூடாது, அவ்ளோதான்.

வறுத்த மீனுக்கு கதை வேற. இதுல புளி இல்ல, மிளகாத்தூள், மஞ்சத்தூள், உப்பு, கொஞ்சம் இஞ்சி பூண்டு, எலுமிச்சை, அப்புறம் எண்ணெய். இங்க இனிப்பு வேண்டாம், சாவிஞான் பிளாங்க்தான் சரி, நல்ல ஜில்லுனு. பச்சை குடமிளகா, அப்பதான் வெட்டின புல்லு மாதிரி ஒரு வாசனை வரும், எலுமிச்சை புழிஞ்சதுக்கு மேல இன்னொரு தடவ புழிஞ்ச மாதிரி எண்ணெய அறுத்துட்டுப் போகும். நெத்திலி ஃப்ரை ஒரு தட்டு, இது ஒரு கிளாஸ், சமையல் முடியறதுக்கு முன்னாடியே ரெண்டும் காலி ஆயிடும், எங்க வீட்டுல இது நடக்காத ஞாயித்துக்கிழமை இல்ல. சுறா புட்டுக்கும் இதையே குடுத்துப் பாத்தோம், அதுல தேங்காயும் வெங்காயமும் சேந்து ஒரு இனிப்பு வருது, அதுக்கு மறுபடியும் செனின்தான் நல்லா இருந்துச்சு. நண்டு மசாலா கைய நனைச்சு சாப்பிடறப்ப கிளாஸ தூக்கவே முடியாது, அதனால அதுக்கு ஒயின் வைக்கறதையே விட்டுட்டோம், நண்ட கவனமா சாப்பிடுங்க அது போதும்.

பெரியப்பா ஒரு தடவ முஸ்காடே கொண்டு வந்தாரு, நாந்த் ஊர் பக்கத்து வெள்ளை ஒயின், அங்க சிப்பி, இறால் சாப்பிடறவங்க குடிக்கறது. உப்புக்காத்து மாதிரி ஒரு ருசி, இனிப்பே கெடையாது, ஆல்கஹாலும் கம்மி. புயபேஸ் வச்ச அன்னைக்கு அத திறந்தோம். நம்ம ஊர் புயபேஸ் தெரியாதவங்களுக்கு, மார்செய் ஊர் மீன் சூப்புதான் இங்க வந்து மஞ்சள், சோம்பு, பூண்டு எல்லாம் சேந்து பாண்டி ஆளா மாறிடுச்சு, குழம்பு மாதிரி புளி கெடையாது, காரமும் அடக்கமா இருக்கும். அந்த ஜோடி பிரமாதம், பக்கத்துல பகெத் ரொட்டி பிச்சுப் போட்டு ஊற வச்சு சாப்பிட்டா இன்னும் பிரமாதம். ஆனா இந்த பாட்டில இங்க கடையில தேடிப் புடிக்கறது கஷ்டம், அதனால இத வாங்குங்கன்னு சொல்ல மனசு வரல. அதே புயபேஸுக்கு சுலா சாவிஞான் பிளாங்க்க வச்சாலும் நல்லாவே போகுது.

இப்ப கறி. இதுல எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. மிளகுல அந்த மிளகு வாசனைய குடுக்கற பொருளுக்கு ரோட்டண்டோன்னு பேரு. அதே பொருள் ஷிராஸ் திராட்சையிலயும் இருக்குன்னு ஆஸ்திரேலியாவுல ஆராய்ச்சியாளருங்க கண்டுபுடிச்சு 2008-ல வெளியிட்டாங்க. மிளகுக் கறிக்கும் ஷிராஸுக்கும் அவ்ளோ ஒட்டுதல் இருக்கறதுக்கு இத விட வேற காரணம் தேட வேணாம். அஞ்சுல ஒருத்தருக்கு அந்த வாசனை தெரியவே தெரியாதுன்னும் அதுல சொல்லியிருக்காங்க. எங்க நாத்தனாருக்கு ஷிராஸ்ல மிளகு வாசனை சுத்தமா தெரியல, "எனக்கு நாவப்பழ வாசனைதான் வருது அண்ணி"ன்னு சொன்னாங்க, அவங்க அந்த அஞ்சுல ஒருத்தரான்னு எங்களுக்குள்ள இன்னும் பேச்சு ஓடிட்டு இருக்கு.

சுலாவோட திண்டோரி ரிசர்வ் ஷிராஸ மட்டன் சுக்காவோட வச்சோம். எலும்போட இருக்கற கறி, குக்கர்ல வேக வச்சு தண்ணி வத்த வச்சு, இடிச்ச மிளகு, சோம்பு, கறிவேப்பிலை போட்டு கருக்க வறுத்தது, மிளகாத்தூள் கொஞ்சமாத்தான் போட்டேன், இது முக்கியம். மிளகா எரிச்சல் வேற, மிளகு எரிச்சல் வேற, மிளகு மட்டும்னா சிவப்பு தாங்கும். கறியில இருக்கற கொழுப்பும் புரதமும் அந்த துவர்ப்ப வாங்கிக்குது, ஒயின் மெத்துன்னு ஆயிடுது, கறி கனம் குறைஞ்ச மாதிரி இருக்கு. ஓக் பீப்பாயில வச்ச ஒயின்ங்கறதால லேசா புகை, பட்டை வாசனை வரும், கருகின ஓரத்தோட அது அழகா சேந்துச்சு. குரோவர் லா ரிசர்வும் வச்சுப் பாத்தோம், பெங்களூரு பக்கத்துல நந்தி மலை அடிவாரத்து கம்பெனி, கேபர்னே சாவிஞானும் ஷிராஸும் கலந்தது. அது சுக்காவுக்கு கொஞ்சம் கனமா பட்டுச்சு, ஆட்டுக்கறி ரகூவுக்கு அருமையா போச்சு. ரகூன்னா உருளைக்கிழங்கு, கேரட், பட்டை கிராம்பு போட்டு நிதானமா கொதிக்க விடற பாண்டிக் குழம்பு, காரம் அதிகம் கெடையாது, அந்த மாதிரி குழம்புக்குத்தான் இந்த கனம் வேணும். சாதா மட்டன் குழம்பு, தேங்கா அரைச்சு மிளகாத்தூள் தூக்கலா போட்டது, அதுக்கு ரெண்டுமே வேணாம்னுதான் சொல்வேன்.

கோழிக்குழம்புக்கு ஃபிராடெல்லி சாஞ்சோவேஸே வாங்கினது எதேச்சையா நடந்தது, ஆனா இப்ப மாசாமாசம் வாங்கறோம். மகாராஷ்டிராவுல சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜ்ல தோட்டம், இத்தாலிக்காரங்க கூட்டு. அந்த திராட்சையே இத்தாலில டஸ்கனி பக்கத்துது, அங்க தக்காளி இல்லாம சமையலே கெடையாது, தக்காளி புளிப்புக்கு ஈடு குடுத்துப் பழகின ஒயின். நாட்டுத்தக்காளி அஞ்சாறு வதக்கிப் போட்ட கோழிக்குழம்புக்கு அப்படியே பொருந்துது. சிவப்பு ஒயின்லயே புளிப்பு நல்லா இருக்கறது வேணும்னா இத புடிங்க. 5-க்கு 4.

பிரியாணிக்கு சுலா ஜின்ஃபாண்டல் ரோஸே. சிவப்பு கனம், வெள்ளை மெலிசு, பிரியாணில நெய்யும் இருக்கு புதினாவும் இருக்கு தயிரும் இருக்கு, நடுவுல நிக்கற ரோஸேதான் எல்லாத்தையும் தொடுது. நல்லா ஜில்லுனு இருக்கணும், அது மட்டும் கவனம்.

சைவம் சாப்பிடற நாள்ல என்ன பண்றதுன்னு கேப்பீங்க. தேங்கா அரைச்ச கூட்டு, பூசணிக்கா பால் கூட்டு, அவியல், வாழக்கா வறுவல், இதுக்கெல்லாம் செனின் தாராளமா போகும். வடகம் தாளிச்ச கத்தரிக்கா கொத்சுக்கு கூட போச்சு, வடகத்துல சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம் எல்லாம் வெயில்ல காஞ்சு புளிச்சு ஒரு ஆழமான வாசனை வருமே, அதுக்கு பெரியப்பா அல்சாஸ் பக்கத்து கெவுர்ஸ்ட்ராமினர் ஒண்ண திறந்தாரு, ரோஜாப்பூ, லிச்சி வாசனை தூக்கலா அடிக்கற வெள்ளை, வடகத்து வாசனைக்கு முன்னாடி மத்த ஒயினெல்லாம் காணாம போய்டும், இது ஒண்ணுதான் நேருக்கு நேர் நின்னுச்சு. பிரான்ஸ்ல இப்ப பெரிய சமையல்காரங்க நம்ம வடகத்த வாதுவான்னு சொல்லி இறால் மேலயும் ஆட்டுக்கறி மேலயும் தூவறாங்க, அவங்களுக்கு எந்த ஒயின ஊத்தறதுன்னு நாங்க சொல்லித் தருவோம்.

சாம்பார் பரவால்ல. வத்தக்குழம்பு ரொம்ப கஷ்டம், சுண்டக்கா கசப்பும் ஒயின் புளிப்பும் ஒத்தே போகல. ரசம் வேணவே வேணாம், கொதிக்க கொதிக்க புளிப்பும் மிளகும் உள்ள போறப்ப ஜில்லுனு ஒயின் ஊத்தினா ரெண்டும் வீண். கருவாடு பத்தி மேல சொல்லிட்டேன்.

நம்ம வீட்டுல ஒயின் வைக்கறதுல உண்மையான சிக்கல் பாட்டில்ல இல்ல, இலையில இருக்கு. பிரெஞ்சுக்காரங்க ஒண்ணு முடிச்சு ஒண்ணு சாப்பிடறாங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஒயின். நம்ம இலையில குழம்பு, வறுவல், பொரியல், ரசம், தயிர், ஊறுகா எல்லாம் அரை மணி நேரத்துல வந்து போய்டும். அதனால நாங்க ஒரு வழி வச்சிருக்கோம், வறுவல முன்னாடியே தனித் தட்டுல வச்சு, பேசிக்கிட்டே ஒயினோட சாப்பிட்டுடுவோம். அப்புறம் சோறு, குழம்பு, அதோட மிச்ச கிளாஸ். ரசம் வந்ததும் கிளாஸ ஓரமா வச்சுடணும், அதுக்கு மேல ஒயின் கெடையாது. ஊறுகாய ஒயின் இருக்கற வரைக்கும் இலையில வைக்காதீங்க, ஒரு துளி எலுமிச்சை ஊறுகா நாக்குல பட்டா அடுத்த நாலு மடக்கும் போச்சு. 750 மில்லி பாட்டில்ல 150 மில்லி வீதம் அஞ்சு கிளாஸ் வரும், நாலு பேருக்கு ஒரு மதியத்துக்கு அதுவே நிறைவா இருக்கும். வண்டி ஓட்டிட்டு வந்தவங்களுக்கு நாங்க ஊத்தறதே இல்ல.

கடை விஷயம் பத்தி கண்டிப்பா சொல்லணும். பாண்டியில தெருவுக்குத் தெரு கடை இருக்கு, பிராந்தி பீர் வாங்க எந்த கடையும் ஓகே, ஒயின் அப்படி கெடையாது, வெயில் தாங்காது. ஒரு கடையில வெயில் படற கண்ணாடி அலமாரியில நிக்க வச்சிருந்த ஒரு சிவப்ப வாங்கிட்டு வந்தோம், வீட்டுல வந்து பாத்தா கார்க் மேல தூக்கிக்கிட்டு நிக்குது, வாய்ல வச்சா திராட்சைய போட்டு வேக வச்ச மாதிரி ருசி, ரகூவுக்கு கூட ஊத்த மனசு வரல. கடைக்காரர்கிட்ட கேட்டா ஒயின்னா அப்படித்தான் இருக்கும்னாரு. அதுலேர்ந்து ஏசி ஓடற கடையா, பாட்டில் வெயில் படாத எடத்துல இருக்கான்னு பாத்துட்டுத்தான் உள்ள போறோம், டவுன் பக்கம், பீச் ரோட ஒட்டின தெருக்கள்ல அப்படி கடைங்க கெடைக்குது. லேபிள்ல வருஷம் போட்டிருக்கும், அறுவடை வருஷம் அது. நம்ம நாட்டு வெள்ளையும் ரோஸேவும் அந்த வருஷத்துலேர்ந்து ரெண்டு வருஷத்துக்குள்ள குடிச்சுடறது நல்லது, நாலு வருஷம் பழசு தள்ளுபடில குடுத்தா வாங்காதீங்க. கார்க்கா திருகு மூடியான்னு பாத்து பயப்படாதீங்க, இந்த வெயில் ஊருக்கு திருகு மூடி ரொம்ப நல்லது. வெளிநாட்டு பாட்டில் ஏன் இவ்ளோ விலைன்னா பல வருஷமா 150 சதவீதம் இறக்குமதி வரி, 2022 டிசம்பர்ல ஆஸ்திரேலியாவோட போட்ட ஒப்பந்தம் அமலுக்கு வந்ததுலேர்ந்து அந்த ஊர் ஒயின்ல ஒரு விலைக்கு மேல இருக்கறதுக்கு மட்டும் வரி குறைஞ்சிருக்கு. அந்த காசுக்கு நாசிக் பாட்டில் ரெண்டு வாங்கிடலாம்ங்கறதால நாங்க வெளிநாட்டு பாட்டில இங்க வாங்கறதே இல்ல.

கடலூர் சொந்தக்காரங்க எல்லாம் "ஒரு பாட்டில் எடுத்துட்டு வாயேன்"ன்னு கேப்பாங்க. முடியாது. ஆல்பேட்டை செக்போஸ்ட்ல புடிச்சா ஒயினா பிராந்தியான்னு யாரும் பாக்க மாட்டாங்க, பாண்டி சரக்க தமிழ்நாட்டுக்குள்ள கொண்டு போறது கேஸு. அதனால ஓ.டி.லேர்ந்து மீன் இங்க வரும், ஒயின் இங்கயே இருக்கும், சாப்பாடு முத்தியால்பேட்டையில. எல்லாருக்கும் சந்தோஷம்தான்.

எப்படி ஊத்தறதுன்னு கேட்டா, வெள்ளையும் ரோஸேவும் 8 லேர்ந்து 10 டிகிரி, அதாவது ஃப்ரிட்ஜ்ல மூணு மணி நேரமாச்சும் இருந்துட்டு நேரா மேசைக்கு வரணும். சிவப்ப ரூம் சூட்டுல குடிக்கணும்னு எழுதியிருக்கறது 16, 18 டிகிரி இருக்கற ஐரோப்பா ரூம நெனச்சு எழுதினது, மே மாசத்து பாண்டி ரூம் 34 டிகிரி, அதுல குடிச்சா ஆல்கஹால் மட்டும்தான் மூக்குல ஏறும். சிவப்பையும் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வைங்க, யாராச்சும் தப்புன்னு சொன்னா கண்டுக்காதீங்க. எவர்சில்வர் டம்ளர் வேணாம், வாசனை நிக்காது, வீட்டுல இருக்கற சாதா கண்ணாடி கிளாஸ்ல பாதிக்கு கம்மியா ஊத்துங்க போதும். மிச்சம் இருந்தா மூடி ஃப்ரிட்ஜ்ல வச்சா ரெண்டு மூணு நாள் தாங்கும்.

இனிப்புக்கு ஒரே ஒரு விதி, ஒயின் இனிப்பவிட இனிப்பா இருக்கணும், இல்லன்னா ஒயின் புளிச்ச தண்ணி ஆயிடும். அதனால குலாப் ஜாமூன், அதிரசம் பக்கம் போகாதீங்க, எந்த ஒயினும் தோத்துடும். எங்க வீட்டுல கிறிஸ்துமஸுக்கு விவிகம் போடுவோம், ரவை, வெண்ணெய், முட்டை, ரம்முல ஊறின உலர்ந்த பழம் போட்ட பாண்டி கேக், அதுக்கு சுலா லேட் ஹார்வெஸ்ட் செனின் பிளாங்க் அவ்ளோ பொருத்தம். திராட்சைய செடியிலயே கூடுதல் நாள் விட்டு சர்க்கரை ஏறினதும் பறிச்சு செய்யறது, தேன், உலர்ந்த ஆப்ரிகாட் வாசனை வரும், ஆளுக்கு ரெண்டு வாய் அளவு ஊத்தினா போதும். ஆனா விவிகத்தவிட எனக்கு புடிச்சது இத பண்ருட்டி பலாச்சுளையோட சாப்பிடறதுதான். மே மாசம் சந்தையில வண்டி வண்டியா இறங்கும்போது நல்லா பழுத்த பழமா ஒண்ணு வாங்கி, சுளைய எடுத்து ஃப்ரிட்ஜ்ல ஒரு மணி நேரம் வச்சு, அதோட இந்த ஒயின ஊத்துங்க. ரெண்டுலயும் அதே தேன் வாசனை, பலாவோட நாரு வாய்ல இருக்கறப்பவே ஒயினோட புளிப்பு வந்து அத துடைச்சு விடும். அத்தை ரெண்டு மடக்குக்கு மேல கேட்டு வாங்கிக் குடிச்சது இது ஒண்ணுதான். அரை பாட்டில் சைஸ்ல கெடைச்சா அதையே வாங்குங்க, முழுசு இனிப்பு ஒயின ஒரே வேளையில முடிக்க எட்டு பேராச்சும் வேணும்.